மஞ்சள் கட்டம்

ஆதம்பாக்கம் என்ற பெயருக்குள் ஆதம் நபி இருக்கிறார் என்று பத்து வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். சொர்க்கத்திலிருந்து இறக்கிவிட்டதும் பரங்கிமலையில் கால் வைத்தார், அங்கிருந்து நடந்து வந்து இங்கே குடியேறினார் என்பது நன்னி சொன்ன கதை. இலங்கையில் இருக்கிற பாவா ஆதம் மலையை நன்னி தன் வசதிக்காகப் பரங்கிமலைக்குத் தூக்கி வந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு இடம் குர்ஆனில் உள்ளபடியே இருந்தது. உடை பறிபோனதும் ஆதமும் ஹவ்வாவும் பதறிப்போய் இலைகளைப் பறித்துத் தங்களை மூடிக்கொள்கிற இடம். அதைச் சொல்லும்போது நன்னி தன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

மூடுவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு பிள்ளையைத் திறந்துபோட்டதைச் சொல்லாமல் அதை எழுத முடியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் ஏரியா மதரசாவில், பெண் பிள்ளைகள் வகுப்புக்கு வாரக்கடைசியில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்த மதரசா என்று சொல்லப் போவதில்லை. தேடவும் வேண்டாம். தேடக் கூடாது என்பதும் இந்த விஷயத்தில் ஒரு பகுதிதான், பின்னால் வருகிறேன். எல்லா ஊரிலும் இருப்பது போன்ற ஒரு மாலை மதரசாதான். பள்ளிக்கூடம் விட்டு, டியூஷன் விட்டு, மஃரிபுக்குப் பிறகு அரைத் தூக்கத்தில் வந்து உட்காருகிற பிள்ளைகள். ஓதிக் கொடுக்க ஒரு ஹஜ்ரத், பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஆலிமா, சம்பளம் போட ஒரு கமிட்டி, எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்து வைக்க ஒரு வாட்ஸப் குரூப். அட்மிஷன் ஃபாரத்தில் கொடுத்த நம்பர்கள்தான் குரூப்பில் சேர்க்கப்பட்டிருந்தன. அதனால் பெரும்பாலும் அப்பாக்கள்.

அந்த வருடம் தொழுகை சார்ட் என்று ஒன்று வந்தது. ஐந்து வேளை, ஏழு நாள், முப்பத்தைந்து கட்டம். பிள்ளை தொழுதால் வீட்டில் டிக் போட்டு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அட்டையைக் கொண்டுவந்தால் நான் அதை ஷீட்டில் ஏற்றுவேன். தொழுதால் பச்சை, விட்டால் சிவப்பு. பெயர்களோடு படமாக எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு ரோஷம் வரும் என்பது ஹஜ்ரத்தின் எண்ணம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆபீஸில் செய்கிற வேலையை அல்லாஹ்வுக்காகவும் செய்கிறோம் என்றிருந்தது.

ஒரு வாரம், பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியின் அட்டையில் செவ்வாய்க்கிழமையிலிருந்து கட்டங்கள் காலியாக இருந்தன. ஆலிமா என் காதோடு, “அவளுக்கு இப்போ தொழுகை இல்லைம்மா” என்றார். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. அந்த நாட்களில் விட்டதைப் பிறகு தொழவும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, சிவப்புப் போட்டால் அநியாயம். காலியாக விட்டால் சதவீதம் தப்பாக வரும். யோசித்து, புதிதாக ஒரு நிறம் சேர்த்தேன். மஞ்சள். அடியில் சின்ன எழுத்தில் ‘விலக்கு’ என்று ஒரு குறிப்பு. எவ்வளவு நியாயமாக யோசிக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. படத்தைப் போட்டேன். வழக்கம்போல மாஷா அல்லாஹ்கள் வந்தன.

அன்று இரவே எங்கள் மாடியில் குடியிருக்கிற மாமி கேட்டார். “அந்தப் புள்ள பெரிய மனுசி ஆயிட்டாளா? அவங்கம்மா ஒரு வார்த்த சொல்லலையே.” அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் நோட் வந்தது.

“ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? எம் புள்ள வயசுக்கு வந்தத நான் எங்க மாமியாகிட்டகூட இன்னும் சொல்லல. அவ சொல்லாதன்னு கெஞ்சினா. அவ பெரியப்பா, சித்தப்பா, கூடப் படிக்கிற பையனோட அத்தா எல்லாரும் இருக்கற குரூப்புல நீ படம் போட்டுச் சொல்லிட்ட. யாரு இந்த சார்ட்டப் போடச் சொன்னது? ஹஜ்ரத்துக்குத் தெரிய வேணாமா இதெல்லாம்?”

கைகால் நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்தில், இதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஆலிமாதான் என்று நினைத்து, வாய்ஸ் நோட்டை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் யாருக்கு அனுப்பினார், அங்கிருந்து யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. மாலையில் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. உஸ்தாதுகளைப் பற்றிப் புறம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம், அது செத்துப்போன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம். பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. கீழே ஒருவர் “அந்தச் சகோதரிக்கு அல்லாஹ் ஹிதாயத்தைக் கொடுப்பானாக” என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாக ஆமீன்.

குரூப்பில் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் செய்தியில் சொன்ன உவமை குர்ஆனில் இருப்பதுதான். 49-வது அத்தியாயம் ஹுஜுராத், 12-வது வசனம். ஆனால் அந்த வசனம் புறம் பேசுவதிலிருந்து தொடங்குவதில்லை. சந்தேகப்படுவதை விடச் சொல்கிறது, அடுத்து துருவித் துருவி ஆராயாதே என்கிறது, அதற்குப் பிறகுதான் புறம் பேசாதே என்று வருகிறது. நடுவில் இருக்கிற அந்த ‘துருவாதே’ குரூப்பில் வரவில்லை. ஒரு பிள்ளை விடியற்காலை தன் வீட்டில் எழுந்து தொழுதாளா என்று அட்டை கொடுத்துக் கேட்பது துருவுவதுதானா, இல்லையா? பெற்றோர் கேட்கலாம். அடுத்த தெருவில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்கலாமா?

இமாம் கஸாலி தன் இஹ்யாவில் ஒரு சம்பவம் சொல்கிறார். கலீஃபா உமர் (ரலி) இரவில் மதீனாவைச் சுற்றி வருகிறார். ஒரு வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்கிறது. சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தால் ஒருவன் மதுவோடு உட்கார்ந்திருக்கிறான். உமர் அவனை அதட்டுகிறார். அவன் பயப்படாமல் பதில் சொல்கிறான். நான் செய்தது ஒரு தப்பு, நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள், துருவினீர்கள், வாசல் இருக்கச் சுவர் ஏறினீர்கள், அனுமதி கேட்காமல் நுழைந்தீர்கள் என்கிறான். மூன்றுக்கும் குர்ஆனிலிருந்தே ஆதாரம் காட்டுகிறான். உமர் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். மார்க்கத்தைக் காப்பாற்றப் போகிறவரையே அந்தச் சுவர் தடுக்கிறது. நான் ஷீட் வழியாக அந்தச் சுவரை ஏறியிருக்கிறேன்.

சரி, நான் செய்தது புறமா? மஞ்சள் கட்டத்தில் பொய் ஒன்றும் இல்லை. மாதவிலக்கு குற்றமும் இல்லை, குறையும் இல்லை. இதைத்தான் நான் எனக்கே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முஸ்லிம் நூலில் வருகிற பிரபலமான ஹதீஸ் ஒன்று இந்தச் சமாதானத்தை உடைத்துப் போட்டது. புறம் என்றால் என்னவென்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்கிறார். பிறகு அவரே பதில் சொல்கிறார். உன் சகோதரன் வெறுப்பதை அவனைப் பற்றிச் சொல்வது. நான் சொல்வது அவனிடம் உண்மையிலேயே இருந்தால் என்று ஒருவர் கேட்கிறார். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு என்கிறார்.

‘குற்றம்’ என்ற சொல்லே அந்த விளக்கத்தில் இல்லை. சம்பந்தப்பட்டவருக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்பது மட்டும்தான் அளவுகோல். உண்மைதானே சொன்னேன் என்று தப்பிக்க வழி கிடையாது. ஆயிஷா (ரலி) ஒருமுறை ஸஃபிய்யாவின் உயரத்தைச் சுட்டி ஏதோ சொல்லிவிட, கடலில் கலந்தால் கடலே மாறிப்போகிற சொல்லைச் சொல்லிவிட்டாய் என்றார் நபி. குள்ளமாக இருப்பதில் என்ன குற்றம்? ஆனால் ஸஃபிய்யாவுக்கு அது வலிக்கும்.

அரபியில் இதற்கு ஃகீபத் என்று பெயர். மறைவு, இல்லாமை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது. தமிழில் புறம், அதாவது முதுகுப் பக்கம். இரண்டு மொழியும் பேசப்படுகிறவர் அந்த இடத்தில் இல்லை என்பதை வைத்தே பெயர் சொல்லியிருக்கின்றன. எங்கள் குரூப்பில் ஹஜ்ரத் இருந்தார், கமிட்டி இருந்தது, அந்தப் பிள்ளையின் அத்தாகூட இருந்தார். போன் இல்லாத பதிமூன்று வயதுப் பிள்ளை மட்டும்தான் இல்லை. யாருடைய முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டது என்று பார்த்தால், அவளுடையது.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு சிக்கல் வந்தது. பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் அளவென்றால், தப்பு செய்கிறவருக்கும் தன்னைப் பற்றிச் சொல்வது பிடிக்காதே? அப்போது அந்த அம்மாவின் வாய்ஸ் நோட்டும் புறம்தானே? ஹஜ்ரத் அதைக் கேட்டு நிச்சயம் வருத்தப்பட்டிருப்பார்.

ஆலிம்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. கஸாலியும் அவருக்குப் பின்னால் நவவியும் புறத்துக்கு ஆறு விதிவிலக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதலாவதே, அநீதிக்கு ஆளானவர் அதைத் தீர்த்து வைக்கக்கூடியவரிடம் போய் முறையிடுவது. அதற்கு ஒரு ஆதாரம் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஹிந்த் என்கிற பெண் நபியிடம் வந்து, என் கணவர் அபூஸுஃப்யான் கஞ்சர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்கிறாள். அபூஸுஃப்யான் மக்காவின் பெரிய தலை. அவர் அங்கே இல்லை. ஆனாலும் நபி, புறம் பேசாதே அம்மா என்று சொல்லவில்லை. உனக்கும் பிள்ளைக்கும் நியாயமாக வேண்டியதை எடுத்துக்கொள் என்று தீர்ப்புச் சொல்கிறார். குர்ஆனின் நாலாவது அத்தியாயத்திலும், தீயதை வெளிப்படையாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று ஒரு வசனம் இருக்கிறது. அந்தத் ‘தவிர’ எந்தக் குரூப்பிலும் ஃபார்வர்டு ஆகி நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா குரூப்பில் பேசவில்லை. அக்கம்பக்கத்திலும் பேசவில்லை. படத்தைப் போட்டவளிடம், தனியாக, ஒரே ஒருமுறை பேசினார். தப்பைத் திருத்தக்கூடிய ஆளிடம்தான் முறையிட்டார். ஆறு விதிவிலக்கில் முதலாவது அப்படியே பொருந்துகிறது. அதை அவருக்குத் தெரியாமல் வேறு கைகளுக்குக் கடத்தி, முறையீட்டைப் புறமாக மாற்றியது நான்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துப் பகை மூட்டுவதற்குத் தனியாகவே பெயர் இருக்கிறது. நமீமத், கோள். இரண்டு கப்றுகளைக் கடந்து போகும்போது அதில் ஒருவருக்கு வேதனை கோள் சொல்லித் திரிந்ததால்தான் என்று நபி சொன்னதாக புகாரியில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினேன் என்று சொல்லலாம். கோள் சொல்கிறவர்களில் யார்தான் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக ஒத்துக்கொள்கிறார்கள்?

அப்புறம் அந்த ஆமீன்கள். கஸாலி இஹ்யாவின் நாற்பது புத்தகங்களில் ஒன்றை முழுக்க நாவின் ஆபத்துகளுக்கே ஒதுக்கி இருபது ஆபத்துகளை எழுதுகிறார். அதில் எனக்கு மறக்க முடியாத இடம், புறத்திலேயே மோசமானது ஓதுகிறவர்களின் புறம் என்கிற இடம்தான். அவர்கள் நேராக ஏச மாட்டார்கள். பாவம், நல்ல மனிதர், நம் எல்லோருக்கும் வருகிற சோதனைதான் அவருக்கும் வந்துவிட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும் என்பார்கள். துஆ மாதிரி இருக்கும். கேட்கிறவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், சொன்னவருக்கு நல்லவர் என்ற பெயரும் மிஞ்சும். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போன மனிதர் எங்கள் குரூப்பில் இருந்திருக்கிறாரோ என்று தோன்றியது. எழுதுவதும் புறம்தான், பேனாவும் ஒரு நாக்குதான் என்றும் அவரே சொல்கிறார். டைப் செய்கிற கட்டை விரலுக்கும் அது பொருந்தும்.

ஹஜ்ரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு அநியாயம். பத்து நாள் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார். கோபம் இல்லை, குரல் உடைந்திருந்தது. ‘விலக்கு’ என்ற அந்தக் குறிப்பை அவர் படத்தில் கவனிக்கவே இல்லை. “நான் வாரா வாரம் பேரு மட்டும்தாம்மா பாப்பேன்” என்றார். பிறகு அவருடைய வலியைச் சொன்னார். அவர் வாங்குகிற சம்பளம் என் போனுக்கு நான் கட்டுகிற தவணையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவர் எந்த போன் வைத்திருக்கிறார், மனைவியை எங்கே கூட்டிப் போகிறார், உருது கலந்த அவருடைய தமிழ், எல்லாமே ஏரியாவில் பேச்சு. ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சால் முந்தைய ஊரில் ஒரே வாரத்தில் வேலை போயிருக்கிறது. நோட்டீஸும் இல்லை, விசாரணையும் இல்லை. “புறம் பேசாதீங்கன்னு நான் சொல்றது என் வயித்துக்கும் சேத்துதான்” என்றார். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கமிட்டிக்கு முன்னால் அவர் பலமில்லாதவர். அந்த அம்மாவுக்கு முன்னால் பலமுள்ளவர். ஒரே வசனம் ஒரு இடத்தில் அவருக்குக் குடையாகவும் இன்னொரு இடத்தில் அவர் கையில் கம்பாகவும் இருந்தது.

வெளியே முறையிட வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் 2012-இல் வந்த திருத்தம் மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. வேறு சட்டங்கள் உண்டுதான். ஒரு மஞ்சள் கட்டத்துக்காக யார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறார்கள்? உள்ளே முறையிடுகிற ஒரே வாசலுக்கு மேல் புறம் என்ற பலகையை மாட்டிவிட்டால், அந்த அம்மா எங்கே போவார்?

இன்னொன்றும் இருக்கிறது, இதை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. பெண்களின் குசுகுசுப்பு எல்லாமே எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது, நான் கல்லூரியில் படித்தேன். வெளியே வர முடியாத பெண்களுக்குப் பேச்சுதான் செய்தித்தாள் என்று அதைப் படிக்கும்போது நினைத்தேன். சின்ன வயதில், ‘இன்னார் வீட்டுக்குத் தனியாப் போவாத’ என்று காரணம் சொல்லாமல் நன்னி சொன்னதும் ஒருவகையில் புறம்தான். அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற பெண் தன்னைக் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளைப் பற்றி நபியிடம் யோசனை கேட்டபோது, ஒருவர் கையில் காசில்லாதவர், இன்னொருவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று பெயர் சொல்லியே எச்சரித்திருக்கிறார். மாட்டிக்கொள்ளப் போகிற ஒருத்தியிடம் சொல்வதும், பொழுதுபோக்குக்கு மாடிப்படியில் நின்று சொல்வதும் ஒன்றில்லை. ஆனால் எங்கள் மாடி மாமி தன்னை எப்போதும் முதல் வகையில்தான் சேர்த்துக்கொள்வார். நானும்தான்.

சார்ட் இரண்டு வாரத்தில் நின்றுபோனது. ஏன் நின்றது என்று அறிவிப்பு எதுவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை.

முஸ்லிமில் இன்னொரு ஹதீஸ் உண்டு. திவாலானவன் யார் என்று நபி கேட்கிறார். காசில்லாதவன் என்கிறார்கள் தோழர்கள். இல்லை, மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் வருவான், ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் மேல் பழி போட்டிருப்பான், அவனுடைய நன்மைகள் எல்லாம் அவர்களுக்குப் பங்கு வைக்கப்பட்டுத் தீர்ந்துபோகும், அவன்தான் திவாலானவன். முப்பத்தைந்தும் பச்சையாக வருகிற ஆள். அந்த வாரம் என் அட்டை அப்படித்தான் இருந்தது.

பரிகாரம் என்ன என்பதில் பெரியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. யாரைப் பற்றிப் பேசினாயோ அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடினால் போதும் என்பது ஹஸன் பஸ்ரியின் கருத்து. கஸாலி விடவில்லை. மானமும் பொருள் மாதிரிதான், எடுத்தவரிடமே போய்த் தீர்க்க வேண்டும் என்கிறார். எனக்கு ஹஸன் பஸ்ரி வசதியாக இருந்தார். ஒன்றரை வருடம் அவரோடுதான் இருந்தேன்.

போன ரமலானுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாகப் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் தெரிந்தன. அம்மா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லு” என்றார்.

அவள் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அந்தக் கலர் நீங்களா யோசிச்சீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்கப் போன மாதம் மறுபடி போனேன். இதுவும் பேனாதான், இதுவும் இல்லாதவர்களைப் பற்றிய பேச்சுதான். எழுதியதை அம்மாவும் அவளும் சேர்ந்து படித்தார்கள். வயது, கிழமை, மாடி, எதை வேண்டுமானாலும் மாற்றுகிறேன் என்றேன். இரண்டு விஷயத்தை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். மஞ்சளைப் பச்சை என்றோ நீலம் என்றோ ஆக்கிவிடட்டுமா என்று கேட்டதற்கு, “அத ஏன் மாத்தணும், அது நீங்க போட்டதுதானே” என்றாள்.